சட்டசபையில் ஒரு டாக்டரம்மா: முத்துலட்சுமி ரெட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை வந்தால் போதும், முத்துலட்சுமி ரெட்டி பற்றிய கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். அவர் பிறந்ததும் ஜூலை, இறந்ததும் ஜூலை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்யும் பெற்றோர், பட்டிமன்றத்துக்குக் குறிப்பு தேடுபவர்கள் எனப் பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் 'முதல் பெண்' என்று தொடங்கும் கேள்விகள்தான். எனக்கென்னவோ அந்தப் பட்டியலைவிட, அவர் சட்டசபையில் இருந்த மூன்றரை ஆண்டுகள்தான் சுவாரசியம். ஆகவே பதில்கள் அந்தப் பக்கமே கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

சுருக்கமாக, யார் இவர்?

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபோடு தொடர்புள்ள இசை வேளாளர் குடும்பத்தவர். இந்தக் கலப்பு மணத்துக்காக அப்பாவைச் சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறிய பெண்ணை ஆண்கள் கல்லூரியில் சேர்ப்பதா என்று ஊரில் எதிர்ப்பு கிளம்பியபோது, மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் வாங்கிக் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். சென்னையில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற பேச்சுக்கு அவர் சம்மதித்த பிறகுதான் கல்யாணம். 1968 ஜூலை 22 அன்று காலமானார்.

இந்தியாவின் முதல் பெண் டாக்டர் இவர்தானா?

இல்லை. ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் டாக்டரானது 1886இல், அதாவது முத்துலட்சுமி பிறந்த வருடத்தில். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவியும் இவர் இல்லை. 1875லேயே மேரி ஷார்லிப் உட்பட நான்கு பெண்கள் அங்கே சேர்ந்துவிட்டார்கள். சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முன்னோடி இந்தியப் பெண்களில் ஒருவர் என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. விடைத்தாளில் மதிப்பெண் போகிறதே என்று கேட்டால், கேள்வி தயாரித்தவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

தேர்தலில் நின்று ஜெயித்தாரா?

நிற்கவே இல்லை. நியமன உறுப்பினர்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921இல் வந்தது. அதுவும் சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். ஓட்டுப் போடலாம், ஆனால் உள்ளே போய் உட்காரக் கூடாது என்ற நிலைமை 1926 வரை நீடித்தது. அந்தத் தடை விலகியதும் நடந்த தேர்தலில் மங்களூர்ப் பக்கம் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று, குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அப்புறம் 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைப் பரிந்துரைக்க, அரசு அவரைச் சென்னை சட்டமன்ற மேலவைக்கு நியமித்தது. 'மேலவை' என்றதும் பிற்காலத்து மேலவையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு மாகாணத்துக்கு இருந்தது அந்த ஒரே சபைதான்.

அப்படியானால் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்பதாவது சரியா?

'பிரிட்டிஷ் இந்தியாவின்' என்று சேர்த்துக்கொண்டால் சரி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அவருக்கு முன்பே மேரி பூணன் லூக்கோஸ் சட்ட மேலவை உறுப்பினராகிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் அவரும் டாக்டர்தான். படித்த பெண் என்று ஊரறிய நிற்கும் வாய்ப்பு அந்தக் காலத்தில் டாக்டரம்மாக்களுக்குத்தான் அதிகம் இருந்தது. ஆண்கள் உட்பட எல்லோரும் மரியாதையோடு பேசிப் பழகிய பெண்களும் அவர்களே. எனவே நியமிக்க ஆள் தேடிய அரசுகளின் கண் அங்கே போனதில் ஆச்சரியம் இல்லை.

துணைத் தலைவர் பதவி?

1927இல் சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இன்றைய துணை சபாநாயகர் பதவி மாதிரி. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்த சபையில் ஒரே பெண். தலைவர் இல்லாத நேரங்களில் நாற்காலியில் அமர்ந்து அவர்களை ஒழுங்குபடுத்தியவர் அவர். உலகிலேயே இப்படி ஒரு பதவிக்கு வந்த முதல் பெண் என்று பல நூல்கள் எழுதுகின்றன.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு ஏன் போனார்?

உடனே ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. தயங்கினார். 1925இல் அரசு உதவியோடு இங்கிலாந்து போய், பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேற்படிப்பு படித்துவிட்டு வந்திருந்த நேரம். மருத்துவத்திலேயே இன்னும் செய்ய நிறைய இருக்கிறதே என்ற எண்ணம்.

ஆனால் அவரது மருத்துவ அனுபவத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிரசவத்துக்கு வருவது பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமி. அவளுடைய இடுப்பெலும்பே இன்னும் வளர்ந்து முடியவில்லை. டாக்டர் என்ன மருந்து எழுதிக் கொடுப்பார்? பால்வினை நோயோடு வருகிற பெண்ணுக்கு ஊசி போட்டு அனுப்பலாம். அவள் திரும்பிப் போகிற இடம் அதே இடம், மறுபடி வருவாள். மருந்துச் சீட்டில் எழுத முடியாததையெல்லாம் எழுத ஓர் இடம் வேண்டியிருந்தது. சபையில் அவர் எழுப்பிய விஷயங்களின் பட்டியலைப் பார்த்தால், அது ஒரு மகப்பேறு மருத்துவரின் புறநோயாளிப் பதிவேடு மாதிரியே இருக்கும்.

சுகாதாரத்துக்காக சபையில் என்னதான் கேட்டார்?

முதலில் ஒரு விஷயம். அப்போது நடந்தது இரட்டை ஆட்சி. போலீஸ், நிதி மாதிரியான துறைகள் கவர்னரின் நிர்வாகக் குழுவிடம். கல்வி, மருத்துவம், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை சபைக்குப் பதில் சொல்ல வேண்டிய மந்திரிகளிடம். அவர் இருந்த காலத்தில் பி. சுப்பராயன் முதல் மந்திரி. ஆக, ஒரு டாக்டருக்குப் பேச வேண்டியிருந்த துறைகள்தான் சபையின் கைக்கு எட்டும் துறைகளாகவும் இருந்தன. இது அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், பெண் பிள்ளைகளைப் பார்க்கப் பெண் மருத்துவர்களைப் போட வேண்டும் என்று கேட்டார். குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்றார். ஏழைப் பெண் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காத படிப்பு வேண்டும் என்றார். பள்ளிச் சம்பளத்துக்கும் சுகாதாரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று பாட்டி சொல்லும்போது, இல்லை கொடுக்க வேண்டும் என்று எதிர்த்துப் பேசுவது படித்த அம்மாதான்.

1928இல் திருமண வயது பற்றிய தீர்மானம். பெண்ணுக்குக் குறைந்தது 16, ஆணுக்கு 21 என்று சட்டம் வர வேண்டும் எனக் கேட்டார். மறுவருடம் மத்தியில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்தபோது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தார்கள். ஒரு மருத்துவர் கேட்டதற்கும் அரசியல் கொடுத்ததற்கும் இடையில் பெண்ணுக்கு இரண்டு வயது குறைந்தது. பிரசவ அறையில் இரண்டு வயது பெரிய வித்தியாசம்.

1930இல் வந்த விபசாரத் தடுப்புச் சட்டத்துக்கும் அவர் ஆதரவாக நின்றார்.

தீர்மானம், மசோதா இரண்டும் ஒன்றா?

பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். தீர்மானம் என்பது 'அரசு இப்படிச் செய்யலாம்' என்று சபை சொல்லும் யோசனை. ஏகமனதாக நிறைவேறினாலும் அரசு அதை மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிடலாம். மசோதா நிறைவேறி ஒப்புதலும் கிடைத்தால்தான் சட்டம். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

தேவதாசி ஒழிப்புச் சட்டம் எந்த வருடம்? 1927, 1929, 1930, 1947 என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்களே?

நான்கும் சரிதான், நான்கும் வேறு வேறு.

1927 நவம்பரில் வந்தது தீர்மானம். கோயிலுக்குப் பெண் பிள்ளைகளைப் பொட்டுக் கட்டி, அதாவது சாமிக்கு மணமுடித்து, தேவதாசியாக விடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று அரசைக் கேட்டது. சபை ஏற்றுக்கொண்டது. ஆனால் மேலே சொன்னபடி, அது யோசனைதான்.

'ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே' என்ற வாதமும் அப்போது இருந்தது. இருந்தது உண்மை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள், சிறுமியை விபசாரத்துக்காகக் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருந்தன. ஆனால் விபசாரத்துக்காகத்தான் கொடுத்தார்கள் என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். பொட்டுக் கட்டும்போது நடப்பதோ பூஜை, மேளம், தாலி. 'சாமிக்குக் கல்யாணம் செய்து வைத்தோம்' என்று சொன்னால் வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

அடுத்து 1929. எனக்கு மிகவும் பிடித்த நகர்வு இதுதான், ஏனென்றால் இது நேராக நிலத்தில் போய்க் கை வைத்தது. கோயிலில் பாடி ஆடும் பணிக்கு ஊதியமாகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. பணி நின்றால் நிலமும் போய்விடும். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பாட்டிக்கு வயதாகிவிட்டது, ஆட முடியாது. வீட்டுக்குச் சோறு போடுவது அந்த இரண்டு மூன்று ஏக்கர். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் அடுத்து யாராவது ஒருத்தி கோயிலில் பேர் கொடுக்க வேண்டும். எட்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். பாட்டி கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட முடியாது, வயிறு இருக்கிறதே. 1929 திருத்தம், இந்து சமய அறநிலையச் சட்டத்துக்குள் புகுந்து, நிலத்துக்கும் கோயில் பணிக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. பணி செய்யாவிட்டாலும் நிலம் உனக்கே என்றது. பேத்தியைக் காவு கொடுக்க வேண்டிய தேவையை அது குறைத்தது. நோய்க்கு மருந்து கொடுப்பதற்கு முன் கிணற்றைப் பார்க்கிற சுகாதார அதிகாரி செய்கிற வேலை இது.

1930இல் பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாவதற்குள் அவர் சபையை விட்டே போய்விட்டார். கடைசியில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947இல்தான் அந்தத் தடைச் சட்டம் நிறைவேறியது. தீர்மானத்திலிருந்து கணக்கிட்டால் இருபது வருடம்.

எதிர்த்தவர்கள் யார்? அவர்களுக்கு ஏதாவது நியாயம் இருந்ததா?

சபைக்குள் சத்தியமூர்த்தி எதிர்த்தார். கலையும் கோயில் மரபும் அழிந்துவிடும் என்பது அந்தப் பக்கத்து வாதம். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அவ்வளவாகப் பேசப்படாதது, தேவதாசிகளே எதிர்த்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் இருந்த சங்கம் அரசுக்கு மனுக் கொடுத்தது. நாங்கள் படித்தவர்கள், சொத்துரிமை உள்ளவர்கள், வாரிசு எடுத்துக்கொள்ளும் உரிமை உள்ளவர்கள், எங்களை ஒட்டுமொத்தமாக விபசாரிகள் என்று எப்படிச் சொல்லலாம் என்ற கோபம் அதில் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானதே. மற்ற பெண்களுக்குச் சொத்தே இல்லாத காலத்தில், அந்த வீடுகளில் சொத்து பெண் வழியாக இறங்கியது. சட்டங்கள் வந்த பிறகு வீட்டு ஆண்களின் கை ஓங்கியது என்று ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் ஒழிப்புக்காகப் பேசினார். முத்துலட்சுமியும் தாய் வழியில் அந்தச் சமூகத்தோடு தொடர்புள்ளவர்தான். ஆக, இதை 'வெளியிலிருந்து வந்த சீர்திருத்தம்' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. என்னைக் கேட்டால், சிறுமிகள் விஷயத்தில் முத்துலட்சுமி பக்கம் முழு நியாயம் இருந்தது. வளர்ந்த கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது அவரது சொற்களில் டாக்டரின் கண்டிப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. நோயை மட்டும் பார்க்கப் பழகிய கண், சில சமயம் எதிரே இருக்கும் ஆளைப் பார்க்கத் தவறிவிடும்.

பதவியை ஏன் விட்டார்?

1930 மே மாதத் தொடக்கத்தில், உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியைக் கைது செய்தார்கள். அதைக் கண்டித்து ராஜினாமா செய்தார். கையில் பாதி முடிந்த மசோதா இருந்த நேரம் என்பதை மறந்துவிடக் கூடாது. தன் சபை அனுபவங்களை அதே வருடம் தனி நூலாகவும் எழுதி வெளியிட்டார்.

அவர் விட்ட இடத்தை வேறு பெண்கள் பிடித்தார்கள். வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை போன ருக்மிணி லட்சுமிபதி, 1937இல் சென்னை சட்டசபையின் துணை சபாநாயகரானார். 1946இல் மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரும் ஆனார். துறை எது தெரியுமா? பொதுச் சுகாதாரம்.

பெண்களுக்கு இட ஒதுக்கீட்டை எதிர்த்தார் என்கிறார்களே, உண்மையா?

1933இல் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு முன்னால் ராஜகுமாரி அம்ரித் கௌர், பேகம் ஹமீத் அலி ஆகியோரோடு சேர்ந்து சாட்சியம் சொன்னார். அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும், ஒதுக்கீடு வேண்டாம், மத அடிப்படையில் தனித்தொகுதி கூடாது என்பது மாதர் சங்கங்களின் நிலைப்பாடு. நியமனத்தால் உள்ளே போனவரே ஒதுக்கீடு வேண்டாம் என்றது முரணாகத் தெரியும். பெண்களை மதவாரியாகப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம் அப்போது பெரிதாக இருந்தது. அதை விட்டுவிட்டு இன்றைய விவாதத்தில் அவரை ஒரு பக்கத்துக்கு இழுப்பது சரியில்லை.

ஒளவை இல்லம் அரசு தொடங்கியதா?

இல்லை. 1930இல் அவர் தொடங்கியது. பொட்டுக் கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சாதியையும் பிறப்பையும் காரணம் காட்டி விடுதிகள் சேர்க்க மறுத்தன. சரி, இங்கேயே இருங்கள் என்று தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டதில் தொடங்கியது அந்த இல்லம். சபையில் நின்று 'வழக்கத்தை நிறுத்து' என்று சொன்னவருக்கு, நிறுத்தினால் அந்தப் பிள்ளைகள் ராத்திரி எங்கே படுப்பார்கள் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டி வந்தது. அடையாறில் அது இன்றும் நடக்கிறது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் சட்டமன்ற வாழ்க்கைக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. விதை அதற்கும் முன்பே விழுந்தது. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். சென்னையில் தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935இல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் வெளிப்படையாகக் கேட்டார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1956இல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

அங்கே போனால் பெயர்ப்பலகையில் 'டபிள்யூ.ஐ.ஏ.' என்ற மூன்று எழுத்துகளைக் கவனித்துப் பாருங்கள். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு அது என்னவென்று தெரியாது. 1926இல் அவர் பெயரை அரசுக்குப் பரிந்துரைத்த அதே இந்திய மாதர் சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது.

ஜெமினி கணேசனுக்குச் சொந்தமாமே?

ஆமாம், அத்தை முறை. இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை.

கர்ப்பிணிகளுக்குத் தரும் 'முத்துலட்சுமி ரெட்டி' பணம் இவர் பெயரில்தானா? யாருக்குக் கிடைக்கும்?

இவர் பெயரில்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018 முதல் 18,000 என்று ஏறியது. இதில் 14,000 ரூபாய் பணமாகத் தவணைகளில் வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு. அம்மாவுக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். 1928இல் அவர் 16 கேட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கர்ப்பம் உறுதியானதும் தள்ளிப்போடாமல் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்யுங்கள். தாமதமானால் முதல் தவணையே சிக்கலாகும். ஆதார் அட்டையில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு கணவர் பெயரில் இருந்தால் ஆகாது, உங்கள் பெயரில் வேண்டும். பதிவின்போது கிடைக்கும் பிக்மி எண்ணை, அதாவது உங்கள் கர்ப்பப் பதிவு எண்ணை, எங்காவது எழுதி வையுங்கள். குழந்தை பிறந்த பின் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அதைத்தான் கேட்பார்கள்.